மேல்மண் இழந்த நிலங்களும் மாற்று மண்ணும்

விருதுநகர் ஜில்லாவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பிற்குக் கிழக்கே அமைந்துள்ள சுந்தரபாண்டியம், மலையடிவாரத்துச் செம்மண்ணும் கீழ்த்திசைக் கரிசலும் ஒன்றையொன்று நெருங்கும் பிரதேசத்தைச் சேர்ந்தது. கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் தென்னை, கரும்பு முதலியனவும், மானாவாரியில் பருத்தி, சோளம், மக்காச்சோளம் ஆகியவையும் இப்பக்கத்தில் பயிராகின்றன. இத்தகைய நல்ல நிலங்களுக்கு இடையே ஜில்லாவில் ஆங்காங்கே ஆறடி, பத்தடி ஆழமுள்ள குழிகள் காணப்படுகின்றன. செங்கற் சூளைக்கென்று மண்ணும், சாலை வேலைக்கென்று சரளையும், கட்டடத்திற்கென்று கல்லும் வெட்டியெடுக்கப்பட்ட இடங்கள் இவை. குத்தகைப் பணம் கைக்கு வந்த காலத்தில் குழியைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. குத்தகை முடிந்து பூமி மீண்டும் பட்டாதாரரிடம் வந்த பின்னரே, இதன்மேல் எதைக் கொட்டினால் பயிர் வரும் என்ற கேள்வி பிறக்கின்றது.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, "கண்மாய்க் கரம்பை அடித்தால் சரியாய்ப் போய்விடும்" என்பதாகும். இவ்விடை பாதி மெய்யே. மற்றப் பாதியை அறியாமல் வண்டிவண்டியாய் மண்ணடித்தவர்கள் பொருளை இழப்பதோடு, சில சமயங்களில் குழியினும் கெட்ட நிலத்தை உண்டாக்கிக் கொள்வதும் உண்டு.

நிலத்தின் மேற்பரப்பில் அரையடி முதல் ஓரடி வரையுள்ள மண்ணிலேதான் பயிரின் சல்லிவேர்களில் பெரும்பகுதி தங்குகின்றது. மட்கும், அதனை ஆக்கும் நுண்ணுயிர்களும், மண்புழுக்களும், மணிச்சத்தை வேருக்குக் கொண்டு சேர்க்கும் வேர்ப்பூஞ்சணங்களும் இவ்வடுக்கிலேயே மிகுந்திருக்கின்றன. இது உண்டாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். இயந்திரம் கொண்டு வெட்டியெடுக்கச் சில மணி நேரமே போதும்.

இனி அளவைக் கவனிக்க வேண்டும். ஓர் ஏக்கர் நிலத்தில் அரையடி ஆழத்திற்கு மண் நிரப்ப ஏறத்தாழ 600 கன மீட்டர் மண் தேவைப்படும். அதன் எடை சுமார் 800 டன். டிராக்டர் ஒன்றுக்கு 3 கன மீட்டர் எனக் கொண்டால் 200 நடை ஆகும். ஓரடி ஆழம் வேண்டுமாயின் இதனை இரட்டிக்க வேண்டும். மாற்று மண்ணைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே பேசுதல் நலம். மண்ணின் விலையினும் வண்டிக் கூலியே இவ்விஷயத்தில் பெரிது.

நெய்வேலியின் அநுபவம்

தமிழ்நாட்டில் இவ்விஷயம் மிகப் பெரிய அளவில் ஆராயப்பட்ட இடம் நெய்வேலியாகும். பழுப்பு நிலக்கரிக் கழகம் 1956-இல் ஏற்பட்டு, 1957-இல் வெட்டும் வேலை தொடங்கி, 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அங்கே ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மூடு மண்ணை அகற்ற வேண்டியிருக்கின்றது. ஆழத்திலிருந்து வந்த மணற்பாறைத் தூளும் களியும் மேலே வந்து விழ, விளைநில மண் அவற்றின் அடியிலோ நடுவிலோ கலந்து மறைந்து போவதே இத்தகைய சுரங்கங்களில் நேரும் பெருங்கேடு. இவ்வாறு கொட்டப்பட்ட மண்ணில் மட்கு மிகக் குறைவு. தழைச்சத்தும் மணிச்சத்தும் பெயரளவுக்கே உண்டு. மழை பெய்தால் மேற்பரப்பு இறுகி, நீர் உள்ளே இறங்காமல் ஓடிப் பள்ளம் பறிக்கும்.

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சுரங்க நிறுவனமும் சேர்ந்து அக்கழிவு மண்ணைப் பயிர் நிலமாக்கும் சோதனைகளை அங்கு நடத்தியுள்ளன. தொழு உரம், சர்க்கரை ஆலைக் கழிவு, அனல் நிலையச் சாம்பல், நிலக்கரியிலிருந்தே எடுக்கப்படும் ஹியூமிக் அமிலம், நுண்ணுயிர் உரங்கள் ஆகியவை இட்டுப் பார்க்கப்பட்டன. பசுந்தாள் பயிரும் தீவனமும் நெல்லும் மரங்களும் வளர்க்கப்பட்டன. குடியானவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க செய்தி யாதெனில், ஆழத்து மண்ணையும் பயிர் மண்ணாக்கக் கூடும். ஆனால் கனிப்பொருளாகிய மண் ஒரு புறமும், அதற்கு உயிரூட்டும் அங்ககப் பொருள் மற்றொரு புறமும் தனித்தனியே தேடப்பட வேண்டும் என்பதே. இரண்டையும் ஒரே பொருள் தருவது அரிது. பெரிய நிறுவனம் பல ஆண்டுகள் செலவிட்டுச் செய்யும் வேலையை ஒரு பட்டாதாரர் ஓர் ஆடிப் பட்டத்திற்குள் முடித்துவிட எண்ணுவது வீண்.

வெளிநாட்டு வழக்கமும் இங்குக் கவனிக்கத் தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 1977-இல் நிறைவேறிய சட்டமும் அதன் கீழ் ஏற்பட்ட விதிகளும், மேல்மண்ணைத் தனியே எடுத்துத் திரும்ப இடவேண்டுமென்று கட்டாயப்படுத்துகின்றன. அதற்குப் பதிலாக வேறோர் அடுக்கின் மண்ணை இட விரும்புவோர், அது முன்னிருந்த மேல்மண்ணுக்குச் சமமானது அல்லது மேலானது என்றும், அவ்விடத்தில் கிடைப்பவற்றுள் சிறந்தது என்றும் சோதனையால் மெய்ப்பிக்க வேண்டும். முதல்தரப் பயிர் நிலமாயின் பொதுவாக 48 அங்குல ஆழத்திற்கு மண் மீண்டும் அமைக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கும் பாரம் வெட்டுகிறவர் தலையில் இருக்கின்றது என்பதே அதன் சிறப்பு. அந்நாட்டின் அப்பலாச்சிய மலைப்பக்கத்தில், வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பு நிறமடைந்த மணற்பாறைச் சிதைவில் மரங்கள் நன்கு வளர்வதும், ஆழத்திலிருந்து வந்த கந்தகம் கலந்த சாம்பல் நிறப் பாறைத் தூள் காற்றுப்பட்டதும் புளிப்பேறி வேரைக் கருக்குவதும் கண்டறியப்பட்டன. தென்பாண்டிச் சீமையில் புளிப்பு மண் பயம் பெரிதன்று. இங்குள்ள பயம் சுண்ணாம்பும் உப்புமே.

சுக்கான் அடுக்கு

அருப்புக்கோட்டை, பந்தல்குடிப் பக்கத்தில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகின்றது. இராஜபாளையத்தைச் சேர்ந்த பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் தோற்றுவித்த சிமெண்டுத் தொழில் 1960-களின் தொடக்கத்திலிருந்து இந்த ஜில்லாவில் நடந்து வருகின்றது. இத்தகைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு 1988-ஆம் ஆண்டுக் கனிமப் பாதுகாப்பு அபிவிருத்தி விதிகளும், அவற்றிற்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளும் மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தி நிலத்தைச் சீராக்கப் பயன்படுத்த வேண்டும் என்று கூறுகின்றன. செங்கல் மண், சரளை முதலிய சிறுகனிமங்கள் இவ்விதிகளில் அடங்கா. அவை 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்பாற்பட்டவை. ஆதலின் சிறு குழிகளின் விஷயத்தில் பட்டாதாரர் தம் நலனைத் தாமே காத்துக்கொள்வது அவசியம்.

கரிசலுக்கு அடியிலும் சில செவ்வல் நிலங்களுக்கு அடியிலும் வெளுத்த சுக்கான் அடுக்கு இருப்பதைக் கிணறு வெட்டியவர் அனைவரும் அறிவர். குழியை மூடும்போது இவ்வடுக்கு மேலே வந்துவிடுமாயின், பயிருக்கு இரும்பும் துத்தநாகமும் கிட்டாமல் இளந்தழை வெளுக்கும். இட்ட மணிச்சத்தும் சுண்ணாம்போடு கட்டுண்டு போகும். நிலக்கடலை இதில் மிகவும் துன்புறும். உரக்கடைக்காரர் ஒவ்வோராண்டும் ஒரு புதிய மருந்து விற்க, வெளுப்பு மட்டும் நிற்காது. சுக்கான் மண் எவ்வளவு பொடியாய், எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் அதனை இரண்டடிக்குக் கீழே தள்ளுவதே முறை.

எந்த அடுக்கு ஏற்றது என்பதைக் குழியின் சுவரே காட்டிவிடும். மழைக்குப் பின் சுவரைக் கடப்பாரையால் செதுக்கிப் பார்த்தால் மேல்மண், அடிமண், சரளை, சுக்கான், நைந்த பாறை என்று அடுக்குகள் தெரியும். பக்கத்திலுள்ள வேம்பு, ஆவாரை, கொழுஞ்சி ஆகியவற்றின் வேர்கள் எந்த அடுக்கில் கிளைத்துப் பரவியிருக்கின்றன, எந்த அடுக்கில் மோதிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வேர் விரும்பிய அடுக்கே மாற்று மண்ணின் உடலாகத் தகுந்தது. செலவில்லாத இச்சோதனையைப் பலரும் செய்வதில்லை.

கரம்பையின் கணக்கு

கண்மாய்க் கரம்பையை வயலுக்கு அடிப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். குடிமராமத்தில் கண்மாய் ஆழமாவதும் வயல் கொழுப்பதும் ஒரே வேலையில் முடிந்தன. சில காலம் அனுமதிக் கட்டுப்பாடுகளால் தடைப்பட்டிருந்த இவ்வழக்கத்திற்கு, 2017 முதல் சர்க்கார் கட்டணமின்றி மண்ணெடுக்க வகை செய்தது. 2024-இல் விதிகள் மேலும் எளிதாக்கப்பட்டு, வட்டாட்சியரே அனுமதி வழங்கும் ஏற்பாடு வந்தது. விவசாயத்திற்காக ஏக்கர் ஒன்றுக்கு நஞ்சையாயின் 75 கன மீட்டரும், புஞ்சையாயின் 90 கன மீட்டரும் எடுக்கலாம்.

மேலே கூறிய 600 கன மீட்டரோடு இதனை ஒப்பிட வேண்டும். புஞ்சைக்குரிய 90 கன மீட்டரையும் ஓர் ஏக்கரில் பரப்பினால் அதன் கனம் ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 75 கன மீட்டராயின் முக்கால் அங்குலமும் தேறாது. ஆகவே அனுமதிக் கரம்பை மேல்மண்ணுக்கு மாற்றாகாது. மாற்று மண்ணுக்குச் சேர்க்கும் சரக்காகும். அடிமண்ணை உடலாகவும் கரம்பையை அதில் கலக்கும் சத்தாகவும் கொள்வதே இக்கணக்குக்குப் பொருந்தும்.

கலந்தால் விளைவது என்ன? குழியில் நிரப்பிய சரளைமண்ணில் களி 100-க்கு 8 பங்கும், கரம்பையில் 50 பங்கும் இருப்பதாகக் கொள்ளலாம். அரையடி ஆழத்திற்குள் ஏழில் ஒரு பங்கு கரம்பை கலந்தால் களியின் அளவு 14 பங்காக உயரும். இது சிறிய மாறுதலன்று. மூன்று நாளில் வாடும் நாற்று ஐந்தாறு நாள் தாங்கக் கூடிய மாறுதல். அங்ககக் கரியின் கணக்கு அவ்வளவு மகிழ்ச்சி தருவதன்று. கரம்பையில் 1 சதவிகிதமும் சரளைமண்ணில் 0.2 சதவிகிதமும் இருப்பின், கலந்த மண்ணில் 0.3 சதவிகிதத்தைச் சிறிது தாண்டும். மண்பரிசோதனையில் 0.5 சதவிகிதத்திற்குக் குறைந்தது யாவும் குறைந்த தரமாகவே எழுதப்படும். கரம்பை களியைத் தந்தது, மட்கைத் தரவில்லை. அதனைப் பசுந்தாளும் எருவும் ஆட்டுக்கிடையுமே தர வேண்டும்.

எல்லாக் கண்மாயின் கரம்பையும் ஒன்றன்று. தொடர்க் கண்மாய்களில் மேலே உள்ளவற்றில் மலைநீர் நேரே வந்து தங்குதலால் உப்பு குறைவாக இருக்கும். கடைக்கோடிக் கண்மாய்களில் மேல்வயல்களின் வடிகால் நீரும் சேர்ந்து தேங்கி வற்றுவதால் உப்பு மிகுதியாக இருக்கக் கூடும். ஒரே கண்மாயிலும் வரத்துக்காலின் வாயருகே மணலும், மடையை ஒட்டிய ஆழத்தில் களியும் படியும். சரளை நிலத்திற்கு மடைப்பக்கத்துக் களியும், கரிசல் நிலத்திற்கு வரத்துக்கால் பக்கத்து மணல் கலந்த வண்டலும் ஏற்றவை. கரிசலின் மேல் களியை அடிப்பது பணத்தைச் சேற்றில் போடுவதாகும். அன்றியும் கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேல விதையும் கோரைக் கிழங்கும் மண்ணோடு கூடவே வந்துவிடும். கோரை வந்த நிலத்தில் அதனை ஒழிக்க ஆகும் கூலி, கரம்பை அடித்த கூலியைத் தின்றுவிடும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

வண்டி பேசுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்தில் நான்கைந்து பக்கங்களிலிருந்து மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்கு எளிய சோதனைகளைச் செய்யலாம்.

உலர்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள மழைநீரில் அசைக்காமல் போட்டு வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்து நீர் தெளிவாகவே இருப்பின் நலம். கட்டியைச் சுற்றிப் பால் கரைத்தது போல் கலங்கல் எழுந்து, மறுநாளும் தெளியாதிருப்பின் அம்மண்ணில் சோடியம் மிகுந்திருக்கின்றது. அது வயலில் சேறாய் அடைத்து, காய்ந்தபின் ஓடாய் இறுகும். கிணற்று நீரில் இதைச் செய்தால் அந்நீரின் உப்பே கலங்கலைத் தெளிய வைத்து ஏமாற்றும். ஆகையால் மழைநீரே வேண்டும்.

இரண்டாவது, கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிகுதி நீரும், ஒரு சிட்டிகைச் சலவைச் சோடாவும் இட்டு நன்கு குலுக்கி வைப்பது. ஒரு நிமிஷத்திற்குள் படிவது மணல். சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள் வரை மேலே நின்று படிவது களி. அடுக்குகளைக் கயிற்றால் அளந்து ஒப்பிட்டால் மண்ணின் வாகு தெரியும். மூன்றாவதாக எலுமிச்சைச் சாற்றையோ, கிடைத்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ சில துளி விட்டுப் பார்க்கலாம். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு மிகுதி.

நான்காவது சோதனையே எல்லாவற்றிலும் நம்பத்தக்கது. வாங்க எண்ணிய மண்ணைச் சில சட்டிகளிலும், அம்மண்ணையும் குழியின் அடிமண்ணையும் ஒன்றுக்கு ஆறாகக் கலந்து வேறு சில சட்டிகளிலும், நன்றாய் விளையும் தம் சொந்த வயல் மண்ணை மற்றும் சில சட்டிகளிலும் நிரப்ப வேண்டும். எல்லாச் சட்டிக்கும் அடியில் ஓட்டை இருத்தல் அவசியம். சோளமும் பாசிப்பயறும் எண்ணி விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றி, மூன்று வாரம் பார்க்கலாம். முளைத்தவற்றின் எண்ணிக்கை, இலையின் நிறம், நுனி கருகுதல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கடைசியில் சட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். பாசிப்பயற்றின் வேரில் முடிச்சு இருக்கின்றதா என்பது முக்கியமான அறிகுறி. கோரையும் சீமைக்கருவேலும் வருமாயின் அவையும் இதற்குள் தலைகாட்டிவிடும். இருநூறு நடை மண்ணைப் பற்றிய தீர்ப்பைப் பத்துச் சட்டிகள் சொல்லிவிடும்.

இவற்றில் தேறிய மண்ணை மட்டும் மண்பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதும். அங்கிருந்து வரும் சீட்டில் மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழ் இருப்பின் உப்பினால் தீங்கில்லை. 1 முதல் 3 வரை எச்சரிக்கை தேவை. 3-க்கு மேற்பட்டதைத் தொடாதிருத்தல் நலம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியதையும் தள்ளிவிட வேண்டும். ஓர் அங்குலம் மட்டும் கலக்கும்போது சிறிது உப்பு ஏழில் ஒன்றாய் நீர்த்துப் போகும். முழுக்குழியையும் அம்மண்ணாலேயே நிரப்பினால் நீர்க்க இடமில்லை. இவ்வேறுபாட்டை அறியாமையால், பக்கத்து வயலில் நன்மை செய்த அதே கரம்பை குழி நிலத்தில் கேடு செய்வதைக் கண்டு பலர் மயங்குகின்றனர்.

மற்றப் பொருள்களுள், தென்னை மிகுந்த இப்பக்கத்தில் எளிதாய்க் கிடைப்பது தென்னைநார்க் கழிவு. தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடிக்க வல்லது. ஆனால் பச்சையாய் இட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே உண்டு பயிரைப் பட்டினி போடும். ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டிச் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காய் இட்டு, ஈரம் காத்து மட்கவைத்த பின்னரே இடவேண்டும். சர்க்கரை ஆலைக் கழிவும் அவ்வாறே மட்கியபின் நல்லது. அனல் நிலையச் சாம்பலில் தழைச்சத்தும் மட்கும் அறவே இல்லை, பெரும்பாலும் காரத்தன்மையுடையது, போரானும் சில நச்சு உலோகங்களும் கலந்திருக்கக் கூடும். சுண்ணாம்பு மிகுந்த இந்நிலங்களுக்கு அதனை வண்டி வைத்துக் கொண்டுவருவதற்கு ஒரு நியாயமும் காணோம். நகரக் குப்பை உரத்தைக் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் சலித்து நீக்காமல் வாங்கலாகாது.

இடும் முறையிலும் கெடுதி நேர்வதுண்டு. வண்டிகள் ஓடி இறுகிய குழியின் அடித்தளத்தை முதலில் உளிக்கலப்பையால் ஒன்றரை அடிக்குக் கிளற வேண்டும். இதனைச் செய்யாவிடில் மேலே எவ்வளவு உயர்ந்த மண்ணைப் போட்டாலும் நீர் அடியில் தேங்கி வேர் அழுகும். பிறகு அடிமண், அதன்மேல் தேர்ந்த மண் என்ற வரிசையில், மண் ஈரமாயிராத கோடையில் பரப்ப வேண்டும். ஈரத்தில் இயந்திரம் ஓட்டினால் புதிய மண்ணும் சாலை போல் இறுகும். கரம்பையைப் பரப்பி அப்படியே விட்டுவிடுவது மற்றொரு தவறு. சரளையின் மேல் களித் தகடு படிந்து, வெயிலில் வெடித்து நிற்கும். முதல் மழைக்கே குறுக்கும் நெடுக்கும் உழுது கலக்க வேண்டும்.

முதலாண்டில் பணப்பயிர் எதிர்பார்த்தல் கூடாது. தக்கைப்பூண்டு, சணப்பு, செவ்வல் நிலமாயின் கொழுஞ்சி ஆகியவற்றுள் ஒன்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, அறுவடைக்குப் பின் கீதாரிகளை அழைத்துக் கிடை அமர்த்துவது சிறந்தது. இரண்டாம் ஆண்டில் பயறு வகையும் சோளமும் பார்க்கலாம். தென்னை வைக்க எண்ணுவோர் நிலம் முழுவதையும் நிரப்பாமல், மூன்றடிக் குழிகளில் மட்டும் நல்ல மண்ணை இட்டு, நடுவெளியைத் தீவனப் பயிருக்கு விடுவாராயின் வண்டிக் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும்.

நிலத்தை இனிமேல் வெட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இவ்வளவு தொல்லைக்கும் ஆளாக வேண்டியதில்லை. முன்னாளில் கர்ணமும் கிராம முன்சீப்பும், அப்பதவிகள் 1980-இல் ஒழிந்த பின் கிராம நிர்வாக அலுவலரும், நிலத்தின் கணக்கை வைத்திருப்பவர்களே அன்றி மண்ணின் ஆழத்தை எழுதி வைப்பவர்கள் அல்லர். ஆயினும் குத்தகைப் பத்திரம் எழுதும் நாளில் நிலத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் இரண்டடிக் குழி தோண்டி, மேல்மண்ணின் ஆழத்தை இரு தரப்பாரும் கிராம அலுவலரும் பார்த்துப் பத்திரத்திலேயே எழுதுவது ஒரு காலைப்பொழுது வேலை. அம்மண் முழுவதும் தனியே எடுக்கப்பட்டு, அதே நிலத்தின் எல்லையில் குவிக்கப்பட்டு, வெட்டு முடிந்ததும் திரும்பப் பரப்பப்பட வேண்டும் என்றும், பரப்பாவிடில் ஏக்கருக்கு இத்தனை கன மீட்டர் மண்ணின் விலையும் வண்டிக் கூலியும் தரப்பட வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளலாம். 600 கன மீட்டரின் கூலியைப் பத்திரத்தில் கண்டவுடன் வெட்டுகிறவர் மேல்மண்ணைக் கவனமாய் ஒதுக்கத் தொடங்கிவிடுவார்.

குவியல் ஆறடி உயரத்திற்கு மேற்படலாகாது. உயர்ந்த குவியலின் உள்ளே காற்றின்றி மண்புழுவும் வேர்ப்பூஞ்சணமும் மடிந்து, சில ஆண்டுகளில் மேல்மண்ணும் அடிமண் போலாகிவிடும். நீர் ஓடும் வழியில் குவிக்காமல், சுற்றிலும் சிறு வரப்பிட்டு, முதல் மழையிலேயே கொழுஞ்சியோ தட்டைப்பயறோ விதைத்து மூடிவிட வேண்டும். குவியலில் சீமைக்கருவேல முளை தோன்றினால் கையால் பிடுங்கும் பருவத்திலேயே பிடுங்கிவிடுதல் அவசியம். ஓராண்டு விட்டுவிட்டால் அதனை அகற்ற மீண்டும் இயந்திரத்தையே அழைக்க நேரும்.